ஸ்டீம் கேப்சூல் படம்: விளையாட்டின் பிக்சலா, தனியாக வரைந்த ஓவியமா?

தண்டவாளம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இரயில் சந்திப்பு ஒன்றின் இரவுப் பணியாளராக இருந்து, வண்டிகள் ஒன்றோடொன்று மோதாதபடி தடம் மாற்றிவிடும் புதிர் விளையாட்டு ஒன்றைத் தனியாளாக உருவாக்கி வருகிறேன். முழுவதும் பிக்சல் ஆர்ட், அதாவது சிறு சதுரங்களால் ஆன படங்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் கடைப்பக்கத்தைத் திறப்பதற்கு முன், பட்டியல்களில் விளையாட்டின் முகமாகத் தெரியும் கேப்சூல் படத்தை முடிவு செய்தாக வேண்டும். கையில் இருக்கும் வரைவில், மழை பெய்யும் இரவில் நிலையம் முழுவதும் தொலைவிலிருந்து தெரிகிறது. சிக்னல் விளக்குகள், நடைமேடை, மின்கம்பிகள் எல்லாம் விளையாட்டில் உள்ளபடியே இருக்கின்றன. பெயர் மெல்லிய எழுத்தில் மேல் மூலையில் நிற்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் இது என்ன வகை விளையாட்டு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒருவர் திகில் கதை என்றே நினைத்துவிட்டார்.

பிக்சல் விளையாட்டுக்குத் தூரிகை ஓவியம் போன்ற கேப்சூலைப் போட்டால் அது வாங்குபவரை ஏமாற்றுவதாகாதா என்பதுதான் என் முதன்மையான ஐயம். அத்துடன், ஒரே படத்தை எல்லா அளவுகளுக்கும் வெட்டிக்கொள்ளலாமா என்பதையும், சிறிய விழா ஒன்றில் கிடைத்த விருதின் சின்னத்தை ஓரத்தில் சேர்க்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரவுநிரல் எழுதியது:

எளிதான கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். விருதுச் சின்னத்தைச் சேர்க்க முடியாது. 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமில் நடைமுறையில் உள்ள விதியின்படி, கேப்சூலில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வமான துணைத்தலைப்பு ஆகியவை மட்டுமே இடம்பெறலாம். விமர்சன மதிப்பெண், விருது, தள்ளுபடி வாசகம் எதற்கும் இடமில்லை. பெரிய புதுப்பிப்பு வெளியாகும்போது அதைக் குறிக்கும் படத்தைத் தற்காலிகமாக மாட்டிக்கொள்ளத் தனி வசதி இருக்கிறது. அதற்கும் கால வரம்பு உண்டு. விருதைப் பக்கத்தின் விவரணையில் எழுதுங்கள்.

அளவுகளைப் பொறுத்தவரை, ஒரே படத்தை எல்லாவற்றுக்கும் வெட்டலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது. தலைப்புக் கேப்சூல் 920×430, முதன்மைக் கேப்சூல் 1232×706, செங்குத்துக் கேப்சூல் 748×896, வாங்கியவரின் நூலகத்தில் தெரியும் நெடும்படம் 600×900. இவற்றின் விகிதங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. நூலகப் பக்கத்தின் மேலே விரியும் 3840×1240 படத்தில் எழுத்தே இருக்கக் கூடாது. லோகோவைப் பின்னணியில்லாத பிஎன்ஜி கோப்பாகத் தனியே கொடுக்க வேண்டும், ஸ்டீம் அதை மேலே வைத்துக்கொள்ளும்.

நான் அதிகம் கவலைப்படுவது சிறிய கேப்சூலைப் பற்றித்தான். அதை 462×174 அளவில் ஏற்றினாலும், தேடல் முடிவுகள் போன்ற பட்டியல்களில் அது மிகச் சிறிதாகத்தான் தெரியும். 184×69, 120×45 என்ற அளவுகளையும் ஸ்டீமே அதிலிருந்து உருவாக்கிக்கொள்கிறது. 120×45 என்பது கட்டைவிரல் நகத்தின் அளவு. அந்த இடத்தில் உங்கள் மழையும் மின்கம்பிகளும் சாம்பல் நிறப் புள்ளிகளாகிவிடும், மெல்லிய எழுத்து மறைந்தே போகும். சிறிய கேப்சூலில் பெயரே ஏறக்குறைய முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். ஓவியம் பின்னால் நின்றால் போதும். ஸ்டீமின் பக்கமே கருநீலத்தில் இருப்பதால், ஓரம் வரை இருண்ட இரவுக் காட்சி சட்டமே இல்லாததுபோல் அதில் கரைந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இரவைக் காட்டுவதற்குப் படம் முழுவதும் கறுத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சோதனை ஒன்று சொல்கிறேன். நீங்கள் குறிவைக்கும் வகையின் பட்டியலை ஸ்டீமில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதில் ஏதேனும் ஒரு விளையாட்டின் மேல் உங்கள் படத்தை அதே அளவில் ஒட்டி, விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் காட்டுங்கள். "எது பிடித்திருக்கிறது" என்று கேட்காமல், "இதில் ஆடுபவர் என்ன செய்வார்" என்று கேளுங்கள்.

நிழல்கோடு எழுதியது:

விளையாட்டுகளுக்குக் கேப்சூல் வரைவது என் தொழில் என்பதால் என் கருத்தில் சற்றுச் சாய்வு இருக்கலாம். அதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

உங்கள் வரைவு இடத்தைக் காட்டுகிறது, செயலைக் காட்டவில்லை. இருட்டு, மழை, ஆளில்லாத நிலையம் என்று வைத்தால் அந்த நண்பர் திகில் என்று நினைத்ததில் வியப்பில்லை. விளையாட்டில் ஆடுபவரின் கை எங்கே இருக்கிறது? தடம் மாற்றும் நெம்புகோலின் மேல். அந்தக் கையையும் நெம்புகோலையும் முன்னால் பெரிதாக வைத்து, பின்னால் இரு தடங்கள் ஒன்றுசேரும் புள்ளியை நோக்கி இரண்டு முகப்பு விளக்குகள் வருவதாகக் காட்டினால், "நான் முடிவெடுக்க வேண்டும், நேரம் குறைவு" என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். விளக்குகளின் மஞ்சள் அந்த இருட்டைப் பிளக்கும். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கையின் வடிவம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியவில்லை என்றால் எந்த வண்ணமும் அதைக் காப்பாற்றாது.

பிக்சலைப் பற்றிய ஐயத்திற்கு வருகிறேன். பிக்சல் ஆர்ட் முழு எண் மடங்கில் பெரிதாக்கும்போதுதான் கூர்மையாக இருக்கும். 231×87 அளவில் வரைந்ததை இரு மடங்காக்கினால் 462×174 கச்சிதமாக வரும். ஆனால் அதையே ஸ்டீம் 184×69 ஆகச் சுருக்கும்போது ஒவ்வொரு சதுரமும் பக்கத்துச் சதுரத்தோடு கலந்து, நீங்கள் புள்ளி புள்ளியாக வைத்த முகம் மங்கிப்போகும். அந்தச் சுருக்கம் நம் கட்டுப்பாட்டில் இல்லை. பிக்சல் விளையாட்டுகள் பலவற்றுக்கு ஓவியக் கேப்சூல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓவியரை அமர்த்துவதாக இருந்தால், கை, வண்டிகள், பின்னணி, லோகோ ஆகியவை தனித்தனி லேயர்களாக (பிரித்து நகர்த்தக்கூடிய அடுக்குகளாக) உள்ள கோப்பையும், விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமையையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் தனித்தனி அமைப்பு வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முடிந்த ஓவியத்தைப் பிறகு நீட்டித் தரச் சொல்வது இருவருக்கும் தலைவலி. லோகோவை வடிவமைப்பது ஓவியத்திலிருந்து வேறுபட்ட திறன், நல்ல ஓவியர்கள் எல்லோருக்கும் அது கைவராது. செலவைக் குறைக்கச் செயற்கை நுண்ணறிவுப் படம் போடலாம் என்று யாராவது சொன்னால், அதைப் பற்றிய விவரத்தை ஸ்டீமிடம் அறிவிக்கும் விதி 2024 ஜனவரியில் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சதுரப்புள்ளி எழுதியது:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஓவியம்தான் வழி என்பதை மட்டும் ஏற்கவில்லை. பிக்சல் ஆர்ட்டைத் தேடி வாங்குபவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சதுரங்களே அழைப்பு. ஓவியத்தைப் பார்த்து உள்ளே வந்து, ஸ்கிரீன்ஷாட்டைக் கண்டதும் திரும்பிப் போகிறவரின் கிளிக்கால் உங்களுக்குப் பயன் ஒன்றுமில்லை. பெரிய பிக்சல்களில், குறைந்த வண்ணங்களில், ஒரே உருவத்தை மட்டும் வரைந்தால் சுருக்கும்போது ஏற்படும் சேதமும் குறைவு. கை, நெம்புகோல், இரண்டு விளக்குகள் என்ற அதே அமைப்பைப் பிக்சலிலும் செய்யலாம்.

தண்டவாளம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கையும் நெம்புகோலும் என்ற அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பாணிகளிலும் முன்வரைவு செய்து பார்த்தால், எது நன்றாக வேலை செய்கிறது என்பதை ஸ்டீமிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறதா?

இரவுநிரல் எழுதியது:

பார்வையாளரில் பாதிப் பேருக்கு ஒரு படம், மீதிப் பேருக்கு இன்னொரு படம் என்று காட்டிச் சோதிக்கும் வசதி கூகுள் பிளேயில் இருக்கிறது. ஸ்டீமில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். உருவாக்குநர்களுக்கான ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தின் வருகை அறிக்கையில், படம் எத்தனை முறை காட்டப்பட்டது, அதிலிருந்து எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தார்கள் என்பது பகுதிவாரியாகக் கிடைக்கும். விழாவோ தள்ளுபடியோ நடக்கும் வாரத்தில் படத்தை மாற்றினால் அந்த எண்களை நம்ப முடியாது, ஏனெனில் வருகிறவர்களே வேறு. மொத்த விகிதத்தைப் பார்க்காமல் தேடல் முடிவுகள் போன்ற ஒரே பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள். கிளிக்கோடு நிறுத்தாமல், வந்தவர்களில் எத்தனை பேர் விஷ்லிஸ்டில் (பின்னர் வாங்க விரும்புபவற்றின் பட்டியலில்) சேர்த்தார்கள் என்பதையும் பாருங்கள். சதுரப்புள்ளி சொன்ன ஏமாற்றம் நடந்தால் கிளிக் ஏறி விஷ்லிஸ்ட் இறங்கும்.

ஓவியத்தையே தேர்ந்தெடுத்தாலும், கேப்சூலின் மேல் சுட்டியை வைத்தால் ஸ்கிரீன்ஷாட்டுகள் மாறி மாறித் தெரியும் என்பதால், எல்லா வயதினருக்கும் ஏற்றவை என்று நீங்கள் குறிக்கும் நான்கு படங்களைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். அவை நான்கும் உண்மையான ஆட்டத்தைக் காட்டட்டும். தலைப்புத் திரையும் மெனுவும் வேண்டாம். வண்டிகள் நெருங்கிவிட்ட, தடம் இன்னும் மாறாத கணம் ஒன்று அதில் கட்டாயம் இருக்கட்டும்.