√8-ம் √18-ம் சேர்ந்தால் √26 ஆகுமா?

ரூட் (√, வர்க்கமூலம்) கணக்கில் மாட்டிக்கொண்ட கதைகளை ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள், என் பங்குக்கு இது.

சாயங்காலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். போன வருஷம் விகிதமுறா மூலங்கள் (√2 மாதிரி, ரூட் எடுத்தால் முழு எண்ணாகவோ பின்னமாகவோ வராதவை) பாடம் வந்தபோது, படு வேகமாகக் கணக்குப் போடும் ஒரு பையன் √8 + √18 = √26 என்று எழுதி, விடைக்குக் கீழே ரெண்டு கோடும் இழுத்து நோட்டை நீட்டினான். தப்புடா என்றேன். "ரூட் 8-ஐ ரூட் 2-ஆல பெருக்கினா ரூட் 16-னு நீங்கதானேக்கா சொன்னீங்க. பெருக்கலாம்னா கூட்டவும் கூட்டலாம்ல?" என்றான். நியாயமான கேள்விதான். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: √9 + √16 என்பது 3 + 4, அதாவது 7, ஆனால் √25 என்பது 5. தலையாட்டிக்கொண்டு போனவன் மறுநாளும் அதே √26-ஐ எழுதிக்கொண்டு வந்தான்.

அன்றைக்குத்தான் கட்டம் போட்ட நோட்டை எடுக்கத் தோன்றியது. ஒரு கட்டத்தின் மூலைவிட்டத்தைப் போடச் சொன்னேன். பக்கம் 1 என்றால் பிதாகரஸ் தேற்றப்படி அதன் நீளம் √2. அடுத்து, ரெண்டுக்கு ரெண்டு சதுரத்தின் மூலைவிட்டம், 4 + 4, ஆக √8. மூன்றுக்கு மூன்றில் 9 + 9, √18. மூன்றையும் ஒரே மூலையிலிருந்து போட வைத்தேன், எல்லாம் ஒரே கோட்டின் மேலேயே விழுந்தன. பென்சில் முனையை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி எண்ணினான். √8-ல் ரெண்டு குட்டி மூலைவிட்டம், √18-ல் மூன்று. "அப்போ மொத்தம் அஞ்சுக்கா" என்று அவனே சொல்லி, 5√2 என்று எழுதினான். அதையே திரும்ப ரூட்டுக்குள் கொண்டுபோனால் 25 × 2, √50. √26 என்பது 5-க்குக் கொஞ்சம் மேல், அவன் எண்ணிய அஞ்சு மூலைவிட்டத்தின் நீளமோ 7-ஐத் தாண்டி நின்றது.

என்னைக் கேட்டால், ரூட்டைச் சுருக்குவது, அதாவது √8-ஐ 2√2 என்று எழுதுவது, இதற்காகத்தான். வேறு வேறாகத் தெரிகிற √8-ம் √18-ம் ஒரே இனம் என்று கண்டுபிடிப்பது. √72-ஐ 9 × 8 என்று பிரித்து 3√8-ல் நிறுத்திவிடுகிற பிள்ளைகள் நிறைய, உள்ளே இன்னொரு 4 ஒளிந்திருக்கிறது, அதையும் வெளியே எடுத்தால்தான் 6√2. சந்தேகமாக இருந்தால் பகாக் காரணிகளாக உடைத்து, ஜோடி ஜோடியாக வெளியே எடுங்கள், தப்பவே தப்பாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பத்தாவது படித்தபோது விடையை 1/√2 என்று விட்டதற்கு மார்க் குறைத்தார்கள், பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, ரூட் இருக்கக் கூடாதாம். ஏன் என்று யாருமே சொல்லவில்லை, அந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. பிறகு ஒருநாள் கால்குலேட்டர் இல்லாமல் 1-ஐ 1.414-ஆல் வகுத்துப் பார்த்தேன், அப்படி இழுத்தது. அதையே √2/2 என்று மாற்றினால் 1.414-ல் பாதி, 0.707, மனக்கணக்கு. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் அந்த வழக்கம் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தியிருக்கும்! 1/√2 தப்பான விடையே இல்லை, ஒரே விடையின் இன்னொரு வடிவம்தான், இதை என் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பையன் அடுத்த வாரம் √12 + √75-ஐ 2√3 + 5√3 என்று பிரித்து 7√3 என்று சரியாகவே போட்டான். போட்டுவிட்டு, "√3-க்குக் கட்டத்துல மூலைவிட்டம் வரவே மாட்டேங்குதுக்கா" என்றான். எத்தனை கட்டம் தேடியிருப்பான் என்று நோட்டைப் பார்த்தாலே தெரிந்தது, பக்கம் பூராவும் அழித்த கோடுகள். காம்பஸை எடுத்துக் கொடுத்து, பக்கம் 2 வைத்து ஒரு சமபக்க முக்கோணம் வரைந்து அதன் உயரத்தைக் கண்டுபிடிடா என்றேன்.