சிற்றூர் லுகியோவும் ஊர் நிறுவனமும்: எவ்வளவு நெருக்கம் தகும்?

கடலோரன்:
பின்லாந்தின் சிற்றூர்களில் உள்ள லுகியோக்கள், அதாவது மேல்நிலைப் பள்ளிகள், உள்ளூர் நிறுவனங்களோடு சேர்ந்து பாடம் நடத்துவது நல்லது என்பதே என் உறுதியான கருத்து. மேற்குக் கடற்கரையில் உள்ள எயுரயோகியில் 10,000 பேர்கூட இல்லை. ஆனால் ஓல்கிலுவோட்டோ அணுமின் நிலையத்தின் மூன்று உலைகளும், பயன்படுத்தி முடித்த எரிபொருளை 400 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறைக்குள் புதைப்பதற்கான ஓன்கலோ சுரங்கமும் அவ்வூர் எல்லைக்குள்தான் இருக்கின்றன. அத்தகைய ஊரில் இயற்பியல் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடலாமா? 2018ஆம் ஆண்டின் லுகியோச் சட்டமும் மாணவருக்குப் பணியுலக அறிவு வேண்டும் என்கிறது.

முல்லை:
ஐயா, பொதுவாக லுகியோவை நடத்துவது ஊராட்சி. அணுமின் நிலையம் உள்ள ஊரில் அந்த ஊராட்சிக்குப் பெருமளவு சொத்துவரி செலுத்துவது அந்நிலையம். பல்லாயிரம் ஆண்டுகள் காக்க வேண்டிய கழிவைப் பற்றிய பாடத்தை அதைப் புதைப்பவரே நடத்தினால், வகுப்பில் எந்தப் பிள்ளை எழுந்து ஐயம் கேட்கும்? அப்பாவும் மாமாவும் அங்கேதான் வேலை பார்ப்பார்கள். நிறுவனங்கள் நிலையானவையும் அல்ல. கெமியார்வியின் காகிதக்கூழ் ஆலை 2008இல் மூடப்பட்டது. சாலோவின் நோக்கியா தொழிற்சாலையை மூடும் முடிவு 2012இல் வந்தது. ஒரே நிறுவனத்துக்கு ஏற்ப வார்க்கப்பட்ட படிப்பு அப்போது எதற்கு உதவும்?

கடலோரன்:
நான் பெரிய ஆலையை மட்டும் சொல்லவில்லை. 'ஓராண்டு தொழில்முனைவோராக' என்னும் பாடத்தில் மாணவர்கள் உண்மையான பணத்தோடு ஒரு கல்வியாண்டு முழுவதும் சிறு நிறுவனம் நடத்துகிறார்கள். என் மகளும் தோழியர் இருவரும் பிர்ச் மரத்துண்டுகளில் மெழுகுவர்த்தித் தாங்கி செய்து ஒன்றை 7 யூரோவுக்கு விற்றார்கள். கழிவு மரத்தை இலவசமாகக் கொடுத்த தச்சுப் பட்டறைக்காரர், அவர்களுடைய விலைத்தாளை ஒருநாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்கள் மூவரின் கூலி இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். தேய்ப்புத்தாள் பிடித்துக் காய்த்துப்போன விரல்களோடு அன்றிரவு எங்கள் வீட்டு மேசையில் மூவரும் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். மறுவாரம் விலை 12 யூரோ ஆயிற்று. இந்தக் கேள்வியை எந்தப் பாடநூல் கேட்கும்?

முல்லை:
அந்தத் தச்சரை நான் வணங்குகிறேன். அவர் பிள்ளைகளின் கணக்கைக் கேள்வி கேட்டார். பெருநிறுவனத்தின் பேச்சாளரோ தம் நிறுவனத்தின் கதையைச் சொல்லிவிட்டுப் போவார். என் கவலை அந்த வேறுபாட்டைப் பற்றியதே. மேலும், 2020 முதல் பல்கலைக்கழக இடங்களில் பாதிக்கு மேற்பட்டவை லுகியோ இறுதித் தேர்வின் மதிப்பெண்படியே நிரம்புகின்றன. அதில் உயர்நிலைக் கணிதத்துக்கும் எடை உண்டு. ஆசிரியர் சிலரே உள்ள பள்ளியில் நிறுவனப் பாடத்துக்கு ஒதுக்கும் நேரம் எந்தப் பாடத்திலிருந்து கழியும் என்பதை முதலில் சொல்லுங்கள். நடத்தியே தீர வேண்டுமென்றால், மதிப்பீடு பள்ளி ஆசிரியரிடமே இருக்கட்டும். நிலையத்துப் பொறியாளர் வரும் அதே பாடத்துக்கு, அந்நிலையத்தைக் கண்காணிக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஸ்டுக்கிலிருந்தும் ஒருவரை அழையுங்கள்.

கடலோரன்:
மதிப்பீடு ஆசிரியரிடம், மேடை இருவருக்கும் என்பதை மனமார ஏற்கிறேன். அதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். நேரத்தைப் பற்றிய வாதத்தைத்தான் ஏற்க இயலவில்லை. லுகியோவுக்குரிய 150 பாடப்புள்ளிகளில் விருப்பப் பாடங்களுக்கும் இடம் உண்டு. உயர்நிலைக் கணிதத்தைத் தொடாமலேயே இதை அங்கே வைக்கலாம்.