மூடாத தீத்தடுப்புக் கதவு: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். அரசு வாடகைக் குடியிருப்பு ஒன்றின் பதினோராவது மாடியில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவால் படி இறங்க முடியாது.

எங்கள் மாடியில் படிக்கட்டுக்குப் போகும் தீத்தடுப்புக் கதவு தானாக மூடுவதில்லை. மேலே உள்ள மூடும் கருவியிலிருந்து எண்ணெய் கசிகிறது. நான்கு விரல் இடைவெளியிலேயே கதவு நின்றுவிடுகிறது. காற்றுக்காக யாரோ செங்கல் வேறு வைக்கிறார்கள். சூடு பட்டால் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டை ஓரத்தில் இருக்குமே, அதுவும் பாதி பிய்ந்து தொங்குகிறது. மூன்று முறை புகார் கொடுத்தாயிற்று. "பதிவு செய்துகொண்டோம்" என்பதோடு சரி.

தீப்பிடித்தால் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கதவுகள் சரியாக மூடினால்தானே அது பாதுகாப்பு? 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில், நான்காவது மாடி ஃபிரிட்ஜில் பிடித்த தீ வெளிச்சுவர்த் தகடுகள் வழியாக உச்சிவரை ஏறி, 72 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

கட்டடத்தின் தீ ஆபத்து மதிப்பீட்டு அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? கடிதத்தில் என்ன எழுதினீர்கள்? தீயணைப்புத் துறையிடம் நேரடியாகச் சொன்னால் வந்து பார்ப்பார்களா? அப்புறம், நடக்க முடியாதவர்களை வெளியேற்றும் திட்டத்தின் மாதிரி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். கதவைத் தேதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். செங்கல்லைத் தினமும் நானே எடுத்துவிடுகிறேன். அடுத்த வாரம் குடியிருப்போர் கூட்டம், அதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.