காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செல்பேசிக்குச் சார்ஜ் சரியாக ஏறுவதில்லை

கேள்வி: காட்பாடியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். மாதம் இருமுறை காட்பாடியிலிருந்து சென்னைக்குக் காரில் சென்று வருகிறேன். சென்ற முறை புறப்படும்போது 34 விழுக்காடு இருந்த சார்ஜ், வழிகாட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்தபடி ஏறத்தாழ 140 கிலோமீட்டர் ஓட்டி முடித்தபோது 39 விழுக்காட்டில்தான் நின்றது. இதே செல்பேசி வீட்டில், அதனுடன் வந்த 33 வாட் சார்ஜரில், ஒன்றரை மணி நேரத்திற்குள் நிரம்பிவிடுகிறது. கார் சார்ஜரின் அட்டையில் 36 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. பின் இருக்கைக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக 2 மீட்டர் கேபிள் ஒன்றையும் சேர்த்து வாங்கினேன். சார்ஜரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. சாலை குண்டும் குழியுமாக உள்ள இடங்களில் சார்ஜ் நின்று மீண்டும் தொடங்கும் ஒலியும் கேட்கிறது. மெக்கானிக் ஒருவர் காரின் பேட்டரியையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

மறுமொழி: ராணிப்பேட்டை, வாகன மின்பணி

பேட்டரியை மாற்ற வேண்டாம், ஐயா. வண்டி ஓடும்போது சாக்கெட்டுக்கு வருவது, எஞ்சின் சுழற்ற மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம். அது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். முதல் முயற்சியிலேயே வண்டி கிளம்புகிறது என்றால் பேட்டரியின் மேல் பழி போட இடமில்லை. குழியில் இறங்கும்போது சார்ஜ் விட்டு விட்டு வருவது சாக்கெட்டின் பிடிப்பு தளர்ந்ததற்கான அடையாளம். சிகரெட் லைட்டருக்காக அமைத்த துளை அது. நடுவில் உள்ள முனையும் பக்கத்துச் சுவரும் சார்ஜரை அழுத்திப் பிடித்தால்தான் மின்சாரம் ஒழுங்காகப் பாயும். தூசும் பச்சைக் களிம்பும் படிந்திருந்தால் அதற்குரிய ஃபியூஸைக் கழற்றிய பிறகு, உலர்ந்த துணி சுற்றிய மரக்குச்சியால் துடையுங்கள். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட வேண்டாம். நடு முனையையும் சுவரையும் அது ஒருசேரத் தொட்டுவிட்டால் ஷார்ட்தான். ஃபியூஸ் போனாலும், அதில் எழுதியுள்ள அதே ஆம்பியருக்குத்தான் புதியது போட வேண்டும்.

மறுமொழி: வேலூர், மின்னணுவியல் ஆசிரியர்

மேலே சொன்னது விட்டு விட்டு வருவதற்கான காரணம்; மெதுவாக ஏறுவதற்கான காரணம் பெரும்பாலும் அந்த 2 மீட்டர் கேபிளில் இருக்கிறது. சாக்கெட் பக்கத்தில் ஒரு வோல்ட் குறைந்தாலும் சார்ஜருக்குள் வோல்ட்டைக் குறைத்துத் தரும் மின்சுற்று அதைச் சரிக்கட்டி 5 வோல்ட்டைத் தந்துவிடும். ஆனால் சார்ஜருக்கு அப்பால் ஒரு வோல்ட் குறைந்தால் அதை ஈடுசெய்ய எவரும் இல்லை, ஐந்தில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். மலிவான கேபிள்களில் 28 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) செப்புக் கம்பி இருப்பதுண்டு. அதன் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம், மின்சாரம் போக 2 மீட்டர், திரும்ப 2 மீட்டர் என்பதால் மொத்தம் 0.85 ஓம் ஆகிறது. அதில் 2 ஆம்பியர் ஓட வேண்டுமானால் 1.7 வோல்ட்டை வழியிலேயே இழக்க நேரும். செல்பேசி அதற்கு இடம் தராமல், வோல்ட் சரிவதைக் கண்டதும் தான் இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. கிடைப்பது 3 வாட் அளவுக்கு வந்து, திரையும் வரைபடமும் அதையே தின்றுவிடுகின்றன. எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும் என்பதை நினைவில் வைத்து, 24 கேஜ் கம்பியுள்ள 1 மீட்டர் கேபிளை வாங்குங்கள்.

வாங்குமுன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: காரின் கேபிளை வீட்டுச் சார்ஜரில் மாட்டிப் பாருங்கள். அங்கும் மெதுவாக ஏறினால் குற்றவாளி கேபிளே. அங்கு வேகமாக ஏறினால், கார் சார்ஜரும் செல்பேசியும் ஒரே விரைவுச் சார்ஜ் முறையைப் பேசவில்லை என்று கொள்ளலாம். 36 வாட் என்று அட்டையில் இருந்தாலும், மொழி பொருந்தாதபோது சார்ஜர் சாதாரண 5 வோல்ட்டுக்கே இறங்கிவிடும். அந்த 36 வாட், சார்ஜரில் கேபிள் மாட்டும் துளைகள் இரண்டு இருந்தால், இரண்டுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கா என்பதையும் பார்க்க வேண்டும்.

மறுமொழி: ஆம்பூரிலிருந்து

செல்பேசியை முன்கண்ணாடிக்கு அடியில் வெயில் படும்படி மாட்டியிருக்கிறீர்களா? சூடேறினால் செல்பேசி தானாகவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலைச் சொல்லவும் வேண்டுமோ! ஏசி காற்று வரும் துளையருகே மாட்டிய பிறகு என் செல்பேசி பிழைத்தது.

கேள்வி கேட்டவர்: ஒரு வாரம் கழித்து

அனைவருக்கும் நன்றி. வீட்டுச் சார்ஜரிலும் அந்த நீளக் கேபிள் தவழ்ந்துகொண்டுதான் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சாக்கெட்டுக்குள் பழைய மிட்டாய்த் தாள் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்ததை எடுத்துத் துடைத்த பிறகு, குழிகளில் ஒலி கேட்பதும் நின்றது. நேற்று 1 மீட்டர் தடிமனான கேபிளுடன் காட்பாடியில் 41 விழுக்காட்டில் கிளம்பினேன்; காஞ்சிபுரம் பிரிவை அடையும்போது 68 இருந்தது. வீட்டு வேகம் இன்னும் வரவில்லை, ஆசிரியர் சொன்ன மொழிப் பொருத்தம்தான் மிச்சம் போலும். பேட்டரியை மாற்றவில்லை.