ரெப்டன் எலும்புக் குவியல்: மீன் திருத்தத்தை நம்பலாமா?

குமரன்: இங்கிலாந்தின் ரெப்டனில், புனித விஸ்டன் தேவாலயத்தின் பக்கத்தில் 1980களில் மார்ட்டின் பிடில், பிர்தே என்ற தொல்லியலாளர் தம்பதி தோண்டியபோது, ஒரே குவியலில் குறைந்தது 264 பேரின் எலும்புகள் கிடைத்தன. 873-74 குளிர்காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து படையெடுத்து வந்த வைக்கிங் பெரும்படை அங்கே தங்கியதால், இறந்தவர்கள் அவர்கள்தான் என்றார்கள். ஆனால் கார்பன்-14 அளவை வைத்துக் காலத்தைக் கணித்தபோது சில எலும்புகள் 7, 8-ஆம் நூற்றாண்டுக்குப் போய்விட்டன. 2018-இல் தொல்லியலாளர் கேட் ஜார்மனின் குழு, "கடல் உணவால் வந்த பிழை" என்று திருத்தி எல்லாவற்றையும் 9-ஆம் நூற்றாண்டுக்குள் கொண்டுவந்தது. விடையை முன்னால் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நிலா: இல்லை குமரன், திருத்தத்துக்கான ஆதாரம் அந்த எலும்பிலேயே இருக்கிறது. கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் கடல்மீன் சராசரியாக 400 ஆண்டு மூத்ததாகக் காட்டும். அதைத் தின்றவரின் எலும்பிலும் அதில் ஒரு பங்கு ஏறும். உணவில் கால்வாசி கடலிலிருந்து வந்தாலே ஏறக்குறைய 100 ஆண்டு தள்ளிப்போகும். எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் கார்பன்-13 அளவு கடல் உணவு தின்றவரிடம் கூடும்; அதிலிருந்து அந்தப் பங்கைக் கணிக்கிறார்கள்.

குமரன்: அந்தப் பங்கில்தான் என் சந்தேகமே. 10 சதவீதம் முன்னே பின்னே போனால் 40 ஆண்டு மாறுமே!

நிலா: மாறும்தான். அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்துத்தான் தேதியை ஒரு வரம்பாகத் தருகிறார்கள். அப்புறம், குவியலோடு கிடைத்த நாணயங்கள் 872-875 காலத்தவை. அதை மறந்துவிடக் கூடாது.

குமரன்: நாணயம் எலும்புகளைக் குவித்த காலத்தைச் சொல்லும், செத்த காலத்தைச் சொல்லாது. ரெப்டன் பழைய மடாலயம், மெர்சியா என்ற பழைய ஆங்கில அரசின் மன்னர் ஏதல்பால்டைப் புதைத்த இடம். படை அரண் தோண்டும்போது பழைய கல்லறைகள் கலைந்து, அந்த எலும்புகளையும் சேர்த்துக் குவித்திருக்கலாமே?

செல்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அது பெண் தலைவியின் கீழ் ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த மடாலயம். குவியலிலோ ஐந்தில் நான்கு பேர் ஆண்கள், பெரும்பாலும் 18 முதல் 45 வயதுக்குள். சில எலும்புகளில் ஆயுதக் காயம் வேறு. மடத்து இடுகாடு இப்படியா இருக்கும்?

குமரன்: சரி, அது வலுவான வாதம், ஏற்கிறேன். ஆனாலும் பெரும்பாலோர் படைவீரர்கள் என்பதற்குத்தான் அது சான்று. மீதி ஐந்தில் ஒரு பங்கில் பழைய எலும்புகள் கலக்கவே இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நிலா: முடியாதுதான். ஆனால் திருத்திய தேதிகள் எதுவும் 9-ஆம் நூற்றாண்டோடு முரண்படவில்லை. கலந்திருக்கிறது என்று சொல்ல, திருத்திய பிறகும் 8-ஆம் நூற்றாண்டிலேயே நிற்கிற எலும்பு ஒன்றையாவது நீங்கள் காட்ட வேண்டும்.