கீழே சாப்பாட்டுக் கடை, மேலே வீடு: தீப் பாதுகாப்பில் எதை முதலில் செய்வது?

கேள்வி: திருமலைக் கடைக்காரர்

வணக்கம். திருகோணமலை நகரில் மத்திய வீதிப் பக்கமாக ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தி வருகிறோம். கீழ்த்தளத்தில் கடையும் அதன் பின்னால் சமையலறையும் இருக்கின்றன. மேல்மாடியில் என் தாயார், மனைவி, பிள்ளைகள் என எல்லோரும் வசிக்கிறோம். மேலே ஏறுவதற்கு ஒரே படிக்கட்டுத்தான். அதுவும் சமையலறையின் ஓரமாகவே செல்கிறது. இரவில் முன்பக்க ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவோம். பின்கதவை மறைத்து அரிசி மூட்டைகளும் வெற்றுச் சோடாப் பெட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கும். மேல்மாடி யன்னல்கள் அனைத்துக்கும் இரும்புக் கம்பி போட்டிருக்கிறோம்.

தீயணைப்புக் கருவி விற்க வந்த ஒருவர், உலர்தூள் கருவிகள் இரண்டை வாங்கிச் சுவரில் மாட்டினால் வேறொன்றும் தேவையில்லை என்கிறார். மனைவிக்கு அதில் நம்பிக்கையில்லை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்து முடிக்கக் கையிலுள்ள பணம் போதாது. எதை உடனே செய்ய வேண்டும், எதை ஆறுதலாகச் செய்யலாம் என்பதை அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: விடுதிப் பாதுகாப்பு, நிலாவெளி

வணக்கம் அண்ணன். நிலாவெளியில் ஒரு விடுதியின் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன். அண்ணியின் சந்தேகம் நியாயமானது. விழித்திருக்கும் ஒருவர், தீ சிறிதாக இருக்கும்போதே அதைக் கண்டால்தான் தீயணைப்புக் கருவி உதவும். உங்கள் கட்டடத்தில் நள்ளிரவுக்குப் பின் சமையலறையில் தீ மூண்டால், குடும்பத்தினர் இறங்க வேண்டிய அதே படிக்கட்டு வழியாகவே புகை முதலில் மேலேறும். தீ விபத்துகளில் சுவாலையைவிடப் புகையே அதிகம் பேரைக் கொல்கிறது. அதிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. உறங்குபவரை அது எழுப்பாது, மேலும் மயக்கத்தில் ஆழ்த்தும்.

ஆகவே முதல் வேலைக்குக் காசே தேவையில்லை. பின்கதவை மறைக்கும் மூட்டைகளை இன்றே அகற்றுங்கள். அந்தக் கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் உடையதாக இருக்க வேண்டும். அடுத்ததாக, வெல்டிங் வேலை செய்பவர் ஒருவரைக் கொண்டு, வீதியைப் பார்த்த யன்னல் ஒன்றின் கம்பியையாவது கீல் வைத்து உள்ளிருந்து திறக்கும்படி மாற்றுங்கள். கள்வர் பயத்தால்தான் கம்பி போடுகிறோம் என்பது எனக்கும் விளங்குகிறது. பூட்டுப் போட்டே ஆக வேண்டுமென்றால், சாவி அந்த யன்னலுக்கு அருகிலேயே, வெளியிலிருந்து கை எட்டாத ஓர் ஆணியில் எப்போதும் தொங்கட்டும். தாயாரும் பிள்ளைகளும் இருட்டில் அதைத் தடவி எடுத்துத் திறந்து பழக வேண்டும். வாயால் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது.

அதன் பிறகு புகை எச்சரிக்கைக் கருவி. பற்றரியில் இயங்கும் சிறியது போதும். அதைப் படிக்கட்டு முடியும் இடத்தில் மேல்மாடிக் கூரையில் பொருத்துங்கள். சமையலறைக்குள் வைத்தால் தாளிக்கும் புகைக்கெல்லாம் அலறும். மூன்றாம் நாளே யாராவது பற்றரியைக் கழற்றிவிடுவார்கள். சமையலறைக்கு வெப்பத்தை உணரும் வகைதான் ஏற்றது. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். பத்து ஆண்டுகளானால் கருவியையே மாற்றிவிட வேண்டும். படுக்கையறைக் கதவுகளை மூடிக்கொண்டு உறங்குவதும் செலவில்லாத காப்புத்தான். மூடிய சாதாரண மரக்கதவுகூடப் புகையைச் சில நிமிடங்கள் தடுத்து வைக்கும்.

தாச்சியில் எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை நிறுத்தி, தாச்சியைவிடப் பெரிய உலோக மூடியைப் பக்கவாட்டாகத் தள்ளி மூடிவிட்டு, எண்ணெய் ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கூடாது. நீர் ஊற்றவே கூடாது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரிவதால், எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியெறியும். விற்பனையாளர் சொல்லாமல் விட்ட விடயமும் இங்கேதான் இருக்கிறது. உலர்தூள் எண்ணெய்த் தீயின் சுவாலையை அடக்கினாலும் எண்ணெயைக் குளிரச் செய்யாது. சூடான எண்ணெய் மறுபடியும் தானாகப் பற்றும். வடையும் ரோலும் பொரிக்கும் கடைக்கு, எண்ணெயின் மேல் சவர்க்காரம் போன்ற படலத்தை உண்டாக்கும் ‘எஃப்’ வகுப்பு (சமையல் எண்ணெய்த் தீக்கான) திரவ இரசாயனக் கருவியே பொருத்தமானது. அதன் விலை அதிகம். உடனே வாங்க முடியாவிட்டால் பெரிய மூடி ஒன்றும் தீப்போர்வை ஒன்றும் அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி, வெளியேறும் வழியில் இருக்கட்டும். கடையின் மற்றப் பகுதிக்கு ஓர் உலர்தூள் கருவி போதும். அதன் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

பதில்: மின்னிணைப்பாளர், உப்புவெளி

மேலே தம்பி சொன்ன வெளியேறும் வழி பற்றி மறுபேச்சில்லை. ஆனால் தீ மூளாமல் தடுக்கும் வேலையை அதற்குப் பின்னுக்குத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. இரவில் ஆளில்லாத கடையில் தீ தொடங்குவதென்றால் பெரும்பாலும் மின்சாரத்தில்தான் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியும் உறைகுளிரூட்டியும் இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கின்றன அல்லவா?

நமது நகரின் மூன்று பக்கமும் கடல். உப்புக் காற்றில் செப்புத் தொடுப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும். திருகாணிகள் துருப்பிடித்துத் தளரும். தளர்ந்த இணைப்பு சூடேறும். இந்தச் சூட்டை ட்ரிப் சுவிட்ச் கண்டறியாது என்பதைப் பலர் அறிவதில்லை. அது பார்ப்பது புவிக்கசிவை, அதாவது மின்சாரம் நிலத்துக்குக் கசிவதை, மட்டுமே; 30 மில்லிஅம்பியர் கசிந்தால் துண்டிக்கும், உயிரைக் காக்கும். மிகைச்சுமையைப் பார்ப்பது எம்.சி.பி. எனும் சிறு மின்துண்டிப்பான். இரண்டும் சரியாக இருந்தும் ஒரு பிளக்கின் கால் கருகிப் போவதை வாரந்தோறும் பார்க்கிறேன். சுவிட்ச் பலகையைக் கையின் வெளிப்புறத்தால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகியிருந்தாலோ, மீன் நாற்றம் போன்ற ஒரு வாடை வந்தாலோ அதை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

சதுரக்கால் 13 அம்பியர் பிளக்தான் இப்போது நம் நாட்டின் தரம். ஆனாலும் இரண்டு உருண்டைக்கால் பிளக்கை, பேனா முனையால் மேல் துளையைக் குத்தித் திறந்து சதுரச் சொக்கற்றில் செருகும் பழக்கம் கடைதோறும் தொடர்கிறது. அப்படிச் செருகிய பிளக் ஒருபோதும் இறுக்கமாக நிற்பதில்லை. ஒரு 13 அம்பியர் சொக்கற்றிலிருந்து பெறக்கூடியது 230 வோல்ற்றில் ஏறத்தாழ 3000 வாற்று மட்டுமே. கேத்தலும் சோற்றுக் குக்கரும் கிரைண்டரும் ஒரே மல்டி பிளக்கில் தொங்கினால் அந்த எல்லை தாண்டிவிடும். சொக்கற்றுகளுக்கு 7/0.67 எனக் குறிக்கப்படும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் வேண்டும். பழைய கட்டடங்களில் மின்குமிழுக்கென இழுத்த 1/1.13 (1 சதுர மில்லிமீற்றர்) வயரிலேயே சொக்கற்றும் கொடுத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று 20 அம்பியரைக் கழற்றி 32 அம்பியர் போடச் சொல்லும் முதலாளிகளுக்கு நான் வேலை செய்வதில்லை. வயர் அப்படியே இருக்க எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், உருகுவது வயராகத்தான் இருக்கும்.

பதில்: ஆசிரியை, கிண்ணியா

கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு விடயத்தைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். படகு இயந்திரத்துக்கான பெற்றோலை வீட்டு வராந்தாவில், சில வேளைகளில் படுக்கையறை மூலையிலும், கான்களில் வைக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது தொற்றிய சேமிக்கும் பழக்கம் சிலரை இன்னும் விடவில்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு படர்ந்து, அடுத்த அறையில் எரியும் நுளம்புத்திரியையோ சாமி விளக்கையோ தேடிப் போய்விடும். அதை வீட்டைவிட்டுத் தள்ளி, நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிடுகு வேலிக்கு அருகே குப்பை கொளுத்துவதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கேள்வி கேட்டவர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. மூட்டைகளை நேற்றே எடுத்துவிட்டோம். வெல்டிங் வேலைக்கும் ஆள் வருகிறார். இன்னுமொரு சந்தேகம். 37.5 கிலோ சிலிண்டர்கள் இரண்டு இப்போது படிக்கட்டின் கீழ் இருக்கின்றன. 2021 இறுதியில் நாடெங்கும் அடுத்தடுத்து நடந்த எரிவாயு வெடிப்புகளின் பின்னர் அவற்றைப் பார்க்கவே தாயாருக்குப் பயமாக இருக்கிறது. எங்கே மாற்றுவது?

பதில்: விடுதிப் பாதுகாப்பு, நிலாவெளி

அண்ணன், இதைக் கம்பி வேலைக்கும் முன்பாகவே செய்யுங்கள். ஒரே வெளியேறும் வழியின் கீழ் சிலிண்டர் இருக்கக் கூடாது. கட்டடத்துக்கு வெளியே, பின்பக்கத் திறந்த வெளியில், நிமிர்த்திய நிலையில், கம்பிக்கூட்டுக்குள் வைத்து, உரிய உலோகக் குழாய் வழியாக அடுப்புக்குக் கொண்டுவரலாம். அந்த வேலையை எரிவாயு இணைப்புத் தெரிந்தவரே செய்ய வேண்டும். அருகில் வடிகாலோ கிணறோ இருக்கக் கூடாது. இந்த எரிவாயுவும் காற்றைவிடப் பாரமானது என்பதால் பள்ளத்தில் தேங்கும். இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. ஒருபோதும் தீக்குச்சியால் சோதிக்காதீர்கள். இறப்பர்க் குழாயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

மணம் வந்தால் சிலிண்டர் வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், மின்விசிறியும் கூடாது. ரெகுலேற்றரில் தீப்பற்றி, வால்வை நெருங்க முடியாமல் இருந்தால் அந்தச் சுவாலையை அணைக்க முயலாதீர்கள். அணைத்த பின்னும் எரிவாயு வந்துகொண்டே இருக்கும். அது அறையில் நிரம்பி வெடிப்பது எரிவதைவிட மோசமானது.

110 (தீயணைப்பு), 119 (பொலிஸ்) ஆகிய அவசர அழைப்பு இலக்கங்களோடு நமது தீயணைப்புப் பிரிவின் நேரடித் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்கிப் படிக்கட்டின் மேலும் கீழும் ஒட்டுங்கள். அழைத்தவுடன் ஒருவர் பிரதான வீதிச் சந்திக்குப் போய் நிற்கட்டும். உங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் மாலையில் முச்சக்கர வண்டிகள் இருபுறமும் நிற்பதால், எந்தப் பக்கமாகத் தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியும் என்பதை அவரே சாரதிக்குக் காட்ட வேண்டியிருக்கும்.