'பெக்கிஷ்' என்றால் எவ்வளவு பசி?

செவிலியர், பிரஸ்டன்:

இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், இரவுப் பணி. வார்டில் ஒரு முதியவர் மணியடித்து, "கொஞ்சம் பெக்கிஷாக இருக்கிறது" என்றார். முகம் வெளிறிச் சோர்ந்திருப்பதை இங்கே 'பீக்கி' என்பார்கள். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நாடி பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தமும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவர் பொறுமையாகக் கையை நீட்டியிருந்துவிட்டு, "ஒரு டோஸ்ட் கிடைக்குமா?" என்றார்.

உணவுத் தடை இல்லை என்று குறிப்பேட்டில் உறுதி செய்துகொண்டு, வெண்ணெய் தடவிய டோஸ்ட்டும் தேநீரும் கொண்டுவந்தேன். ஓரங்களை முதலில் தின்று, வெண்ணெய் ஊறிய நடுத்துண்டைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

'பெக்' என்றால் பறவை கொத்துவது. அதிலிருந்து பிறந்த 'பெக்கிஷ்' 18ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்த சொல். இலை போட்டு அமரும் பசி அல்ல. மாலை நான்கு மணிக்கு வாய் நமநமக்கிறது என்று முறுக்கு டப்பாவைத் திறப்போமே, அந்தப் பசி. ஆனால் கூச்சப்படுகிறவர்கள் நல்ல பசியிலும் 'கொஞ்சம் பெக்கிஷ்' என்றுதான் சொல்கிறார்கள். அதனால் கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்று தவறாமல் கேட்டுவிடுவேன்.

கட்டட வேலை, கிழக்கு லண்டன்:

எங்கள் தளத்தில் பதினொரு மணிக்கே "நான் ஹாங்க் மார்வின்" என்பார்கள். ஹாங்க் மார்வின் 'தி ஷாடோஸ்' இசைக்குழுவின் கிட்டார் கலைஞர். கடும்பசியைச் சொல்லும் 'ஸ்டார்விங்' என்பதற்கு மார்வின் எதுகை, அவ்வளவுதான். இது டோஸ்ட்டில் அடங்காத பசி.

ஓல்டாமிலிருந்து:

பக்கத்து வீட்டுப் பாட்டி பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அவர் வாயில் வருவது 'கிளெம்ட்'. கிளெம் என்றால் கிள்ளுவது, இறுக்குவது. பசி வயிற்றைக் கிள்ளுகிறது என்கிறோமே, அதே உணர்வு வட இங்கிலாந்தின் லங்காஷயர் பேச்சிலும் இருப்பதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து அற்றுப்போய், இந்தப் பகுதியின் ஆலைகள் நின்றன. நெசவாளர் குடும்பங்கள் நிவாரணக் கஞ்சிக்கு வரிசையில் நின்றன. அந்தப் பசியைச் சொல்ல 'பெக்கிஷ்' போதாது.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தப் பக்கத்து முதியவர்கள் 'ஸ்டார்வ்ட்' என்றால், பசி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிரில் விறைக்கிறது என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் வேர் சாவைக் குறித்தது. தெற்கில் பசிச் சாவாகவும் வடக்கில் குளிர்ச் சாவாகவும் பிரிந்துபோனது.

செவிலியர், பிரஸ்டன்:

இதைப் படித்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டேன். போன ஜனவரியில் ஓர் அம்மையார் 'ஸ்டார்வ்ட்' என்றார். சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கரண்டிகூடக் குடிக்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். ஒரு கம்பளி போதுமாக இருந்திருக்கும்.